வாகை மரத்தடிக் குழி

தம்பிமார், தங்கச்சிமார்,

என்னுடைய பிரியாவிடை அன்று நீங்கள் என்னை மேடையில் ஏற்றி ஒலிவாங்கியைக் கையில் தந்தீர்கள். நான் "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அதற்கே காது இரண்டும் சிவந்துவிட்டன. பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது, பேச்சு அதற்கும் முன்னமே முடிந்துவிட்டது என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

துப்புரவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எந்தக் குப்பையை எங்கே கொட்டுவது என்பதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. அது ஒரு கிழமையில் பிடிபட்டுவிடும். நான் சொல்ல விரும்புவது ஒரு நாளைப் பற்றி. என் சேவைக்காலத்தில் நான் வாய்விட்டுக் கத்திய நாள் அது ஒன்றுதான்.

சண்டைக் காலம். புயல் அடித்தது ஒரு இரவுதான். அது போட்டுவிட்டுப் போனதை அள்ளி எடுக்க எங்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். எங்கள் நகரசபையில் வேலையாட்களை மேற்பார்க்கிற ஓவசியர் கொழும்பில் மாட்டிக்கொண்டதால் என்னைப் பதில் ஓவசியராக்கி, பன்னிரண்டு பேரையும் ஒரு உழவு இயந்திரத்தையும் தந்தார்கள். துறைமுகத்துக்குப் போகிற வீதிக்குப் பின்னால், கடற்கரை வரைக்கும் இருக்கிற குறுகலான ஒழுங்கைப் பாதைகள் எங்கள் பொறுப்பு. ஒரு ஒழுங்கையிலும் ஆள் நடக்க ஏலாது. மரத்துக்கு மேல் மரம், அதற்கு மேல் மின்கம்பி, எல்லாவற்றுக்கும் மேல் யாருடையது என்று தெரியாத கூரைத் தகரம். ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இன்னொரு வீட்டு மாமரத்தில் உட்கார்ந்திருந்தது.

காலையில் ஆமி பாதையைத் திறந்த பிறகுதான் வேலை. நாலு மணிக்கு முன் முடித்துவிட வேண்டும். குப்பை கொளுத்துவதென்றால் முதலில் காவலரணுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாமல் புகை எழும்பினால் துவக்கோடு ஆள் வந்துவிடும். மரம் அரியும் மிசின் வாளுக்குப் பெற்றோல் வாங்கக் கடிதம் வேண்டும். கடிதம் இருந்தாலும் நாளுக்கு ஒரு போத்தல்தான்.

இருந்தும் உண்மையைச் சொல்கிறேன், அந்த மாதங்களைப் போல உற்சாகமாக நான் என்றைக்கும் வேலை செய்ததில்லை! அடைபட்ட ஒழுங்கையின் கடைசிக் கிளையை இழுத்தெறிந்ததும் மறுமுனை வெளிச்சம் தெரியும். அந்தப் பக்கம் நிற்கிற சனம் கை தட்டும். யாரோ ஒருவர் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டே முதல் ஆளாக உள்ளே வருவார். தேத்தண்ணி வரும், கூடவே பனங்கட்டி வரும். ஒரு நாளைக்கு ஒரு ஒழுங்கை திறந்தால் போதும், இரவு வீட்டில் படுத்தாலும் அந்த மணிச் சத்தம் காதில் இருக்கும். கோட்டைப் பக்கத்து மான்கள் விழுந்த மரங்களின் தளிரைத் தின்ன எங்களுக்கு முன்னமே வந்து நிற்கும்.

"இவையள்தான் எங்கட முதல் செற். நாங்க ரெண்டாவது செற்," என்பார் நானா.

முஸ்லிம் ஆட்களை நாங்கள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். இந்த நானா கிண்ணியாக்காரர். காட்டில் மரம் அரிந்து பழகியவர். சண்டையால் காட்டுக்குப் போக முடியாமல் போனபின், தன்னுடைய மிசின் வாளோடு பட்டினத்துக்கு வந்து எங்களுடன் சேர்ந்திருந்தார். என் வயதுதான். நான் பேசாததையும் சேர்த்து அவரே பேசுவார். என்னை "ஓவசியர்" என்று கூப்பிடும்போது அதில் பாதி மரியாதை, பாதி பகிடி.

முதலில் என் சின்னப் பிழையைச் சொல்கிறேன். பெரிய பிழை அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஒழுங்கை வாசல் ஒன்றில் நிறையத் தென்னை விழுந்திருந்தது. குற்றிகளாக வெட்டினோம். எனக்கு எதுவும் நேர்த்தியாக இருக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக, நாலு பக்கமும் ஒரே மட்டமாக, நெஞ்சுயரத்துக்கு அடுக்க வைத்தேன். நடுவில் இடம் வெறுமையாக இருந்ததால் மண்ணை அள்ளி உரப்பைகளில் போட்டு ஓரத்தில் வைத்தோம். பின்னேரம் நானா தூரத்தில் நின்று பார்த்தார்.

"ஓவசியர், இத எங்கயோ கண்ட மாதிரி இல்லையா உங்களுக்கு?"

எனக்கும் எங்கேயோ கண்ட மாதிரித்தான் இருந்தது. ஆனால் வேர்க்க வேர்க்க அடுக்கியவர்களிடம் "இதைக் கலையுங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் காலை நாங்கள் வரும்போது மதிலோரம் ஐந்தாறு ஆமிக்காரர் குந்தியிருந்து எங்கள் குற்றி அடுக்கை நோக்கித் துவக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். விடியும்போது ஒழுங்கை வாசலில் புதிதாக ஒரு பங்கர் முளைத்திருந்தால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்! அந்தக் காவலரணின் கோப்ரல் எங்களைக் கண்டதும் எழும்பினார்.

"மொகத மே? இது என்னது? யார் கட்டினது?"

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"குப்பை," என்றேன்.

"என்ன?"

"குப்பை, சேர்."

அவர் அதைச் சுற்றி நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பூட்சுக் காலால் ஒரு உதை விட்டார். அது அசையவில்லை. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, எங்கட பங்கர் இவ்வளவு நல்லா இல்ல."

அன்றைக்கே பாதிக் குற்றிகளைத் தன் காவலரணுக்கு ஏற்றிக்கொண்டு போனார். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு வெடி வெடித்திருந்தால், பாதையால் போன யாராவது விழுந்திருப்பார். எனக்கு நேர்த்தியாகத் தெரிவது இன்னொருவர் கண்ணுக்கு வேறாகத் தெரியும் என்பதை அன்று படித்தேன். கண்டதைக் கண்ட உடனேயே சொல்ல வேண்டும் என்பதையும் அன்றே படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

இனி மரத்துக்கு வருகிறேன்.

வேரோடு சாய்ந்த பெரிய மரத்தை நீங்கள் இன்னும் அரிந்திருக்க மாட்டீர்கள். அது செத்துக் கிடக்கிற மாதிரித் தெரியும். நம்பாதீர்கள். அடியில் வேர்க்கட்டு மண்ணோடு சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும், அதற்குக் கீழே ஆள் உயரத்துக்குக் குழி இருக்கும். மறுபக்கம் கிடக்கிற உடலின் பாரம்தான் அந்த வேர்க்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உடலை அரிந்து விலக்கினால் தூக்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. வேர்க்கட்டு ஒரே மூச்சில் திரும்பிக் குழிக்குள் உட்கார்ந்துவிடும். குழிக்குள் இருப்பது ஆடோ கோழியோ ஆளோ என்று அது பார்க்காது.

அதனால் காட்டில் மரம் அரிகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நானா அதை எங்களிடம் கொண்டு வந்தார். கடைசி வெட்டுக்கு முன் வாள்காரர் "குழி?" என்று கத்துவார். குழிப் பக்கம் நிற்கிறவர் உள்ளே எட்டிப் பார்த்து "வெறும் குழி!" என்று திருப்பிக் கத்த வேண்டும். கத்தும் வரைக்கும் வாள் மரத்தில் படாது.

குழிப் பக்கம் நிற்பது ஓவசியரின் வேலை. நான் கத்தினால் எனக்கே கேட்காது. இரண்டு நாள் பார்த்துவிட்டு நானா சொன்னார்:

"உங்கட சத்தம் எறும்புக்குத்தான் கேக்கும், ஓவசியர். சரி, விடுங்க. கையைத் தூக்குங்க. கை தூக்கினா வெறும் குழி."

எனக்குப் பெரிய நிம்மதி. அன்று முதல் நான் கையைத் தூக்கினேன், அவர் அரிந்தார். எத்தனையோ மரங்கள் அப்படிப் போயின.

கடலுக்குக் கிட்டவாக உள்ள ஒழுங்கையில் செல்வராணி அக்காவின் வீட்டு வளவு. அவரின் வடக்கு எல்லையில் நின்ற வாகை மரம் ஒழுங்கைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அதைவிடப் பெரிய மரம் எங்கள் பகுதியில் விழவில்லை. வேர் எழும்பியபோது அவரின் குசினிச் சுவரையும் சேர்த்துக் கிளப்பிவிட்டது. கூரையைக் காற்றுக் கொண்டுபோயிருந்தது. அக்காவும் மகளும் இரண்டு தகரத்துக்குக் கீழே சமைத்துப் படுத்தார்கள்.

புயலில் வீடு போனவர்களுக்குத் திரும்பக் கட்ட அரசாங்கத்தில் உதவி எழுதிக்கொண்டிருந்தார்கள். காணி உறுதியை, அதுதான் நிலப் பத்திரத்தை, காட்டினால்தான் பெயர் எழுதுவார்கள். அக்காவின் உறுதி எங்கே? அந்த மரத்துக்குக் கீழே!

பத்து வருசத்துக்கு முன் சண்டைக்குப் பயந்து ஊர் ஓடியபோது, வழியில் தொலைந்துவிடும் என்று அவரின் கணவர் உறுதியை ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டு, மரத்தடி மண்ணில் தாட்டுவிட்டுத்தான் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனார். முகாமில் காய்ச்சல் வந்து அவர் போய்விட்டார். மரத்தடி என்று தெரியும், எந்தப் பக்கம் என்று அக்காவுக்குத் தெரியாது. திரும்பி வந்து சுற்றிச் சுற்றிக் கிண்டினார். அரசாங்கக் கந்தோரில் இருந்த பிரதியும் கலவரத்தில் எரிந்துபோயிருந்தது. பத்து வருசத்தில் வாகை வேர் எங்கேயெல்லாம் போயிருக்கும்! அது பேணியை விழுங்கிவிட்டது என்று விட்டுவிட்டார். இப்போது புயல் மரத்தைப் புரட்டி வைத்திருந்தது. பெயர் எழுதுகிறவர் வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று சொல்லியிருந்தார். நாங்கள் போனது வியாழன்.

ஒழுங்கைக்குள் இருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணை முதல்நாள் கதிரையில் உட்கார வைத்து மரத்துக்கு மேலால் தூக்கி வந்திருந்தார்கள். அதனால் அன்றைக்கே பாதை திறக்க வேண்டும் என்று எனக்குக் கட்டளை. காலையிலிருந்து கிளைகளைக் கழித்து, மத்தியானம் உடலில் வெட்டு விழுந்தது. பாதி அரிந்தபோது வாளுக்குப் பெற்றோல் முடிந்தது. நானா வாளை நிறுத்தி, மிச்சமிருந்ததை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில் அக்கா மண் கிண்டுகிற அலவாங்கோடு வந்தார்.

"தம்பி, அஞ்சு நிமிசம். குழிக்குள்ள ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

"அக்கா..."

"நாளைக்குத்தான் கடைசி நாள், தம்பி. நீங்கள் மரத்த எடுத்தால் குழி மூடிப்போகும் எண்டு எனக்குத் தெரியாதே? அஞ்சு நிமிசம்."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது ஓம் என்று சொல்லிவிட்டு, நானாவிடம் நடந்து போய் "குழிக்குள் ஆள் இருக்கிறார், வாளைத் தொடாதீர்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. "கெதியா," என்று மட்டும் முணுமுணுத்தேன். நானாவிடம் சொன்னால் அவர் பன்னிரண்டு பேருக்கு முன்னால் பகிடி பண்ணுவார் என்று கூசினேன். அவர் "குழி?" என்று கேட்கும்போது கையைத் தூக்காமல் விட்டால் போதும் என்று நினைத்தேன்.

அக்கா இறங்கினார். வேர்ச்சுவரில் அலவாங்கால் குத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

"தம்பி! தம்பி, கண்டிட்டன்!"

எட்டிப் பார்த்தேன். நிமிர்ந்து நின்ற வேர்களுக்கு நடுவில், கைவிரல்களால் பொத்திப் பிடித்த மாதிரி, ஏதோ ஒன்றின் வட்ட விளிம்பு தெரிந்தது. அக்கா வெறும் கையால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தார். விளிம்பு மண் சரியாமல் இருக்க இரண்டு எட்டுப் பின்னால் வந்தேன். பத்து வருசம்!

அந்த நேரம் கடற்பக்க முனையிலிருந்து ரோந்து வந்தது. முன்னால் அந்தக் கோப்ரல். ஆமி வந்தால் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் யோசிக்காமலே செய்கிற ஒரு காரியம் இருந்தது. அடையாள அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அவர்களுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடிப்போம். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கை தானாக உயரும்.

என் கை உயர்ந்தது.

ரோந்து நானாவின் முதுகுப் பக்கமாக வந்தது. அவருக்கு அது தெரியாது. அவர் அப்போதுதான் வாளைக் கையில் எடுத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "குழி?" என்று கேட்டிருப்பார், அக்காவின் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை. தூக்கிய கையைக் கண்டார். தலையை ஆட்டினார். காதைச் சுற்றித் துணியை இறுக்கினார். வாள் உறுமியது.

மிச்ச வெட்டுக்கு ஒரு நிமிடம் போதும்.

நான் என்ன செய்ய வேண்டும்? நானாவிடம் போக இருபது அடி, குழிக்கு ஆறு அடி. எந்தப் பக்கம் என்றாலும் ஓட வேண்டும். ஆமி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓடுகிறவனுக்கு அந்தக் காலத்தில் என்ன நடக்கும் என்று உங்கள் தாய் தகப்பனைக் கேளுங்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மூன்றாம் முறை அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தது.

"குழிக்குள்ள ஆள்! குழிக்குள்ள ஆள்!"

கத்திக்கொண்டே குழிப் பக்கம் ஓடினேன். "நில்!" என்று கோப்ரல் கத்துவது கேட்டது. துவக்கை இழுக்கிற சத்தமும் கேட்டது. நிற்கவில்லை.

நானாவுக்கு, காதில் துணி கட்டியிருந்த நானாவுக்கு, அது கேட்டது! வாளைப் பிடுங்கி எடுத்தார். வாள் நின்றுவிட்டது. ஆனால் மரம் நிற்கவில்லை. அரிந்தது போக இருந்த கொஞ்ச நார் படபடவென்று கிழியத் தொடங்கியது.

அந்தக் குரல் யாருடையது என்று பார்க்கத்தான் திரும்பினேன் என்று அக்கா பிறகு சொன்னார். திரும்பியவரின் கையை நான் குழி விளிம்பில் குப்புற விழுந்து பிடித்தேன். மற்றக் கை பேணியில். அவர் விடவில்லை. நான் இழுத்தேன். சேலை கிழிந்தது, பேணி வரவில்லை, கை மட்டும் வந்தது. இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம். எங்கள் கால்மாட்டில் நிலம் ஒரு முறை குதித்தது.

தூசி அடங்கியபோது குழி இல்லை. ஏழடி வாகை முண்டம் விழவே விழாத மாதிரித் தன் இடத்தில் நிமிர்ந்து நின்றது.

கோப்ரல் என் தலைக்கு நேராகத் துவக்கோடு நின்றார். முண்டத்தைப் பார்த்தார். அக்காவின் செருப்பு ஒன்று அதன் அடியில் பாதி நசிந்து கிடந்தது. துவக்கு மெல்லக் கீழே போனது.

அக்கா எழும்பி என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தார். "விட்டிருந்தா எடுத்திருப்பனே! விரல் பட்டதடா, விரல் பட்டது!" பிறகுதான் செருப்பைக் கண்டார். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நானாவின் முகத்தில் இரத்தமே இல்லை. "கை காட்டினீங்களே, ஓவசியர்," என்றார் மெதுவாக.

என் கையில் இன்னும் அடையாள அட்டை இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கோப்ரலையும் பார்த்தார். எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"பிழை என்ரதான்," என்றேன். "அவ உள்ள இறங்கினது எனக்குத் தெரியும். நான் உங்களுக்குச் சொல்லேல்ல." இவ்வளவு நீளமாக நான் பேசி அவர்கள் கேட்டது அதுதான் முதல் தரம். அப்படிச் சொல்லிவிட்டதும் என்னவோ, வாயில் கட்டியிருந்தது அவிழ்ந்த மாதிரி இருந்தது.

"என்ன டின்?" என்று கேட்டார் கோப்ரல்.

இங்கேதான் அடுத்த சிக்கல். நிலத்துக்குள் எது இருந்தாலும், அது கண்ணிவெடியாக இருக்கலாம் என்று, யாரும் தொடாமல் முகாமுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவித்தால் ஆட்கள் வந்து, திறக்காமலே வெடிக்க வைத்துவிடுவார்கள். சட்டம் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படித் தொட்டுக் கை போனவர்களை எனக்குத் தெரியும். நான் கண்டது ஒரு விளிம்பு மட்டும்தான். அது பேணிதான் என்று நான் எப்படிச் சத்தியம் பண்ணுவது?

ஒரு யோசனை வந்தது. "அக்கா," என்றேன், "பேணிக்கு வெளியில என்ன இருக்கும்? எடுக்க முதலே சொல்லுங்கோ. சேர் கேக்கட்டும்."

அக்கா கண்ணைத் துடைத்தார். "பால்மாப் பேணி. சைக்கிள் ரியூப்ப வெட்டிச் சுத்தினவர். அதுக்கு மேல தூண்டில் நூல். மூடியில ஆணியால எங்கட மூண்டு பேரின்ர பேரையும் கீறினவர். பிள்ளையின்ர பேர் கடைசியில. இடம் காணாமல் வளைச்சு எழுதினவர்."

நான் கோப்ரலிடம் சொன்னேன். அவரின் தமிழ் கொஞ்சம், என்னுடைய சிங்களம் அதைவிடக் கொஞ்சம். கையாலும் காலாலும் சொன்னேன். சொன்னது போல் இருந்தால் எடுக்கிறோம், ஒரு எழுத்து வித்தியாசமாக இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு உங்களிடம் தருகிறோம் என்றேன். அவர் முண்டத்தை ஒரு தரம் சுற்றி நடந்து வந்தார்.

"சரி. ஒரு ஆள்தான் இறங்கிறது. மத்த ஆக்கள் எல்லாம் தூர. யார் இறங்கிறது?"

"நான்."

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது! உழவு இயந்திரம் அந்தச் சேற்றுக்குள் வராது. முண்டத்தைத் திரும்பவும் சாய்க்க ஆள்பலம்தான் வேண்டும். கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்கள் தங்கள் வலைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வேர்க்கட்டில் கோடரியால் ஒரு பக்கத்து வேர்களைத் தறித்தோம். முண்டத்தின் தலையில் இரண்டு கயிறு. ஒழுங்கை நீளத்துக்குச் சனம் கயிற்றைப் பிடித்தது, மகள்காரியும், முதல்நாள் கதிரை தூக்கியவர்களும் உட்பட. சாய்ந்த வேர்க்கட்டுக்கு முட்டுக்கொடுக்கக் குற்றி தேவைப்பட்டது. கோப்ரல் ஆளனுப்பினார். வந்தவை என்னுடைய தென்னங்குற்றிகள்!

"ஐயாட பங்கர் திரும்பி வந்தது," என்றார் கோப்ரல்.

"இழுக்கிறதுக்கு ஒரு ஆள் குரல் குடுக்க வேணும்," என்றார் வலைக்காரர் ஒருவர். "எல்லாரும் ஒரே நேரத்தில இழுத்தாத்தான் அசையும்."

நானா என்னைப் பார்த்தார். "வேற யாரு? முப்பது வருசமாச் சேத்து வச்ச குரல். அவிழ்த்து விடுங்க, ஓவசியர்."

கத்தினேன். "ஏலோ!" என்றேன், கயிறு இறுகியது. "ஏலோ!" முண்டம் முனகியது. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு விரற்கடை. அதுவரைக்கும் முணுமுணுத்தே பேசிப் பழகினவன், எழுபது எண்பது பேரை என் குரலில் இழுக்க வைத்தேன்! வேர்க்கட்டு எழும்ப எழும்ப நானா குற்றியைச் செருகிக்கொண்டே போனார். இடுப்புயரம் எழும்பியதும் எல்லோரையும் தூரப் போகச் சொன்னோம், கயிறு பிடித்தவர்களைத் தவிர.

இறங்குவதற்கு முன் நானாவைப் பார்த்துக் கத்தினேன்: "குழிக்குள்ள ஆள்!"

"குழிக்குள்ள ஆள்!" என்று அவர் திருப்பிக் கத்தினார்.

உள்ளே ஈர மண் மணம். ஊர்ந்து போய்க் கையை வைக்காமல் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். பேணி நசிந்து தட்டையாக இருந்தது. ரியூப் இருந்தது. நூல் இருந்தது. மூடியில் மண்ணை ஊதினேன். மூன்று பெயர். கடைசிப் பெயர் விளிம்போடு வளைந்து போனது.

வேரிலிருந்து கழற்றிக் கொண்டு வந்து கோப்ரலிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்த வளைவை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நானா கத்தியால் ரியூப்பைக் கீறினார். உள்ளே பொலித்தீன், அதற்குள்ளே உறுதி. ஓரம் பழுப்பேறியிருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. அக்கா அதை விரித்து என்னிடமே நீட்டினார்.

"நீங்களே வாசியுங்கோ தம்பி. எல்லாருக்கும் கேக்க வாசியுங்கோ."

வாசித்தேன். பெயர், வளவின் பெயர், அளவு. பிறகு எல்லைகள். கிழக்கே ஒழுங்கை. தெற்கே இன்னார் காணி. மேற்கே கிணற்றுப் பங்கு. வடக்கே...

நிறுத்திவிட்டேன்.

"வடக்கே என்ன?" என்றார் நானா.

"வடக்கே எல்லை, வாகை மரமும் அதன் நேர் வேலியும்."

எல்லோரும் திரும்பி வடக்குப் பக்கம் பார்த்தார்கள். வேலி புயலோடு போய்விட்டது. எல்லைக்கு மிஞ்சியிருந்தது கயிற்றிலும் முட்டுக்குற்றியிலும் சாய்ந்து நிற்கிற அந்த முண்டம் மட்டும்தான். எனக்கு வந்த கட்டளையில் வேரோடு அகற்றிக் குழியை நிரப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. நாளைக்கு யாரும் வந்து "எங்கே உங்கள் வாகை மரம்?" என்று கேட்டால் அக்கா எதைக் காட்டுவார்?

ஓவசியர் வேலையில் கட்டளைக்கு மாறாக நான் எடுத்த முடிவு அதுதான். "முண்டம் அது நிண்ட இடத்திலயே நிக்கட்டும்," என்றேன். "பாதைதானே திறக்க வேணும். அது பாதையில இல்லை. மேலிடத்துக்கு நான் எழுதுறன்." எழுதவும் செய்தேன். திட்டும் வாங்கினேன். அக்கா மறுநாள் பெயர் எழுதுவித்தார்.

முட்டுக்குற்றிகளைக் கயிறு கட்டித் தூர நின்று இழுக்க வேண்டும். இழுத்தால் வேர்க்கட்டு விழுந்து குழியை மூடும். நானா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கேட்டார்:

"குழி?"

நான் போய் எட்டிப் பார்த்தேன். ஒரு தரம் போதாமல் குனிந்து இன்னொரு தரம் பார்த்தேன். திரும்பி, கடற்கரை மட்டும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்:

"வெறும் குழி!"

முண்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சனம் ஆர்ப்பரித்தது. சைக்கிள் ஒன்று மணி அடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

அடுத்த மாரிக்கே அதில் தளிர் விட்டது. போன கிழமை நீங்கள் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சோறு சாப்பிட்டது அந்த வாகை நிழலில்தான். அதன் உடலில் ஏழடி உயரத்தில் ஒரு பெரிய தழும்பு இருக்கும், நிமிர்ந்து பாருங்கள்.

உங்களிடம் இப்போது விசில் இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது, மஞ்சள் மேலங்கி இருக்கிறது. எல்லாம் நல்லது. ஆனால் யாராவது வாளைத் தூக்கிக்கொண்டு "குழி?" என்று கேட்டால், இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வாயால் பதில் சொல்லுங்கள். காது சிவந்தால் சிவக்கட்டும்.